ஆறு கிலோ போதும்

(நமது டிரஸ்ட் நடத்திய மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)





டாக்டர் பேச வேண்டிய விஷயத்தைச் செயலாளர் ஏன் பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். டிரஸ்டுக்கு வருகிற உதவி மனுக்களைப் படிக்கிற வேலை நம்முடையது. முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்புச் செலவு, குமர்க் காரியம் என்றுதான் மனு வரும். இப்போது டயாலிசிஸ், காலில் ஆறாத புண், கண்ணுக்கு லேசர் என்று வருகிறது. பெரும்பாலும் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற ஆளுக்கு. விசாரிக்கப் போனால், பத்து வருடமாகச் சுகர் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை என்பார்கள். குமருக்கு வைத்திருந்த நகை அதற்குள் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

எங்கள் அத்தாவும் சுகரில்தான் மவுத்தானார். அப்போது அவருக்கு 58 வயது. நமக்கு இப்போது 54.

இரண்டு வருடத்துக்கு முன் நமது எடை 86 கிலோ. அதற்கு முன்பே ஒருமுறை 20 கிலோ குறைப்பதாக வீட்டில் சபதம் போட்டோம். ராத்திரி இரண்டு சப்பாத்தி, காலையில் வெறும் வயிறு. பதினெட்டு நாள் தாங்கியது. பத்தொன்பதாவது நாள் ஒரு வலீமா. அத்தோடு சரி.

பிறகு ஒரு டாக்டர் கேட்டார்: "20 கிலோ யார் கேட்டது? இருக்கிற எடையில் நூற்றுக்கு ஏழு குறையுங்கள், போதும்." 86-க்குக் கணக்குப் போட்டால் ஆறு கிலோ. இது அவர் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. சுகர் வரும் விளிம்பில் இருந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 2002-இல் வெளியானது. அதில் வைத்த இலக்கே 7 சதவீதம் எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான். சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது.

அது வெள்ளைக்காரர் உடம்பு என்பீர்கள். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வந்தது. பழக்கத்தை மாற்றாதவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்தது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரை மட்டும் எடுத்த குழுவிலும் ஏறக்குறைய 40. இதில் நமக்கு ஆறுதலான சேதி ஒன்று உண்டு. பழக்கத்தை மாற்றிய அந்தக் குழுவின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் பலன் கிடைத்தது. தராசு முள் நகரவில்லை என்று நடையை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

எங்கே தொடங்குவது? நாம் டீயில் தொடங்கினோம். வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை. கமிஷன் கடையில் யார் வந்தாலும் ஒரு டீ, யார் போனாலும் ஒரு டீ. எண்ணிப் பார்த்தால் ஏழு. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றாலும் 70 கிராம் ஆகிறது. நாள் முழுவதற்குமே 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடை தூக்குகிறவர் அதே டீயைத்தான் குடிக்கிறார், அவருக்குத் தொந்தி இல்லை. உட்கார்ந்து கணக்கு எழுதுகிற நமக்குத்தான். இப்போது சீனி இல்லாமல் இரண்டு டீ. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

அடுத்து சோறு. வீட்டில் நமக்குத் தனிச் சமையல் வைக்கவில்லை. தனியாக வைத்தால் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். எல்லோர் தட்டிலும் சோறு ஒரு கரண்டி குறைந்தது, காய் ஒரு கரண்டி கூடியது. இதில் நம் பெருமை ஒன்றுமில்லை. கரண்டி இருப்பது எங்கள் வீட்டம்மா கையில்.

ஃபஜ்ருக்குப் பிறகு வராக நதிப் பக்கம் அரை மணி நேர நடை. எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. ரமலானில் ஒன்றரை கிலோ திரும்ப ஏறியது! நோன்பில் எடை ஏறுமா என்று சிரிக்காதீர்கள். பகலெல்லாம் பட்டினி, இஃப்தாரில் வடை, சமோசா, ரோஸ்மில்க். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்ததை மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சென்ற ரமலானில் பள்ளிவாசல் இஃப்தாரில் பஜ்ஜியை நிறுத்திப் பழம் வைத்தபோது கமிட்டியில் நடந்த சண்டை உங்களுக்கே தெரியும். ஒரு பெரியவர் இன்னும் நம்மிடம் பேசுவதில்லை. கஞ்சி மட்டும் அப்படியே இருக்கிறது, அதில் கை வைக்க நமக்குத் தைரியம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நம் பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்க வேண்டாம். சுகர் தாழ்ந்து மயக்கம் வரும், அது ஆபத்து. டாக்டரிடம் கேட்டு மாத்திரை அளவைச் சரிசெய்த பிறகே குறைக்க வேண்டும். நோன்புக்கும் இதே விதிதான். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது கதவைத் திறந்து பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ளுங்கள். "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி, "ஆண்கள் ஆற்றோரம் நடக்கிறீர்கள், நாங்கள் எங்கே நடப்பது?" என்று கேட்டார். அன்று நம்மிடம் பதில் இல்லை. இப்போது கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. மதரஸா மொட்டை மாடி அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பெண்களுக்கு மட்டும். சாவி உஸ்தாதுபி அவர்களிடம் இருக்கும்.

டிரஸ்ட் அலுவலகத்தில் எடை மெஷினும் அளவு டேப்பும் வைத்திருக்கிறோம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது. பேண்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், அது தொந்திக்குக் கீழே நிற்கிறது. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகும், பெண்கள் சனிக்கிழமை காலையிலும் வரலாம். எடையை ஒரு சீட்டில் எழுதி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம், நோட்டீஸ் போர்டில் ஒட்டமாட்டோம். நமது சீட்டில் இன்று காலை எழுதியது 81.5.