வெளி வரிசையில் நிற்பவர் யார்?



தானியேல் நூலில் தீச்சூளைக்குள் எறியப்பட்ட மூன்று இளைஞர், நெருப்பின் நடுவே நின்று, குளிரையும் உறைபனியையும்கூட ஆண்டவரை வாழ்த்த அழைக்கிறார்கள். பறவைகளையும் விட்டுவிடவில்லை. அந்த உறைபனியிலேயே வாழும் ஒரு பறவை, அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயின்.

கடுங்குளிர் தொடங்கும் மே, ஜூன் மாதங்களில்தான் அது முட்டையிடுகிறது. தாய் ஒரே ஒரு முட்டையை இட்டு, தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போகிறது. கூடு கிடையாது. தந்தை தன் பாதங்களின் மேல் முட்டையை ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, ஏறத்தாழ 65 நாள் அடைகாக்கிறது. இணை தேடி வந்த நாள் முதல் கணக்கிட்டால், ஏறக்குறைய நான்கு மாதம் அதற்கு உணவில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரைத் தனித்து நின்று தாங்க முடியாது. ஆகவே நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. நடுவிலே நம் உடல் சூடு அளவுக்குக் கதகதப்பு, விளிம்பிலோ பனிக்காற்று. ஆனால் எதுவும் நடுவிலேயே நிலைத்து நிற்பதில்லை. சற்றைக்கொரு முறை எல்லாம் சிறு அடி எடுத்து வைக்கின்றன. காற்றில் நின்றவை மெல்ல மறைவுக்கு வருகின்றன. உள்ளே நின்றவை வெளி வரிசைக்கு வருகின்றன.

அன்பர்களே, நம் பங்கிலும் ஒரு நடுவிடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கிறவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் வாசற்படியோரமே நிற்கிறவர்களும் உண்டு: கணவனை இழந்த பெண், கடனில் சிக்கிய குடும்பம், படுத்த படுக்கையான தாயை விட்டு நகர முடியாத மகள். ஒருவர் சுமையை மற்றவர் தாங்கச் சொன்னார் பவுலடியார். அதற்கு முதலில் நாம் ஓரடி நகர வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில், அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே கடற்பனி உடைந்தது. அங்கிருந்த 5 குடியிருப்புகளில் 4இல் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றனர் அறிவியலாளர். தந்தையின் பொறுமையில் குறையில்லை. காலடியில் பனிதான் இல்லை. உலகைச் சூடாக்கும் புகையில் மனிதராகிய நமக்குப் பங்குண்டு. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் பூமியை நம் பொதுவான இல்லம் என்றார். அந்த இல்லத்தின் வெளி வரிசையில் இவையும் நிற்கின்றன.

இந்த வாரம் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம். தேவையின்றி எரியும் ஒரு விளக்கையாவது அணைப்போம். குளிரில் நிற்பவருக்கு இடம்விடும் இதயத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.