எல் நினோ வந்தா எந்தக் குலம் சாப்பிடும்? கலாபகஸ் திமிங்கலங்களின் கதை

அம்பர்கிரிஸ் கடத்தினவங்க பிடிபட்டாங்கன்னு அடிக்கடி செய்தி வருதுல்ல? அது உருவாகுறது ஸ்பெர்ம் திமிங்கலத்தோட குடல்ல. அந்தத் திமிங்கலத்தோட குடும்ப வாழ்க்கையைத்தான் இன்னிக்குப் பார்க்கப்போறோம். இடம், பசிபிக் கடல்ல இருக்கிற கலாபகஸ் தீவுகள்.

1985ல கடல் உயிரியலாளர் ஹால் வைட்ஹெட் ஒரு பாய்மரப் படகுல அங்கே ஆய்வைத் தொடங்கினார். தண்ணிக்குள்ள மைக்கை இறக்கி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ராப்பகலா திமிங்கலங்கள் பின்னாடியே போனாங்க.

ஸ்பெர்ம் திமிங்கலத்துல குடும்பம்னா பெண்கள்தான். சுமார் 10 பெண்களும் குட்டிகளும் சேர்ந்தே திரியும். ஆண்கள் வளர்ந்ததும் துருவத்துப் பக்கம் குளிர்கடலுக்குப் போயிடும். கணவாய் பிடிக்க தாய் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் போகணும். குட்டியால முடியாது. அதனால முறைபோட்டு யாராவது ஒருத்தி மேலே குட்டிகளோட இருப்பா.

இந்தக் குடும்பங்களுக்கு மேல குலம் இருக்குன்னு ஆய்வாளர் லூக் ரெண்டலும் வைட்ஹெட்டும் 2003ல எழுதினாங்க. அடையாளம், அதுங்க எழுப்புற தட்டொலி. ஒரு குலம் 'டக், டக், டக், டக்'னு சீரா தட்டும். இன்னொண்ணு கடைசித் தட்டுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் தட்டும். ஒரே கடல்ல இருந்தாலும் ஒரு குலம் இன்னொண்ணோட சேர்றதில்லை.

இரை தேடுற பழக்கமும் வேற. சீரா தட்டுற குலம் தீவுகளை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு சுத்தும். நிறுத்தித் தட்டுறது கரையை விட்டு விலகி நேரா போகும்.

யாருக்கு வயிறு நிறைஞ்சதுன்னு எப்படித் தெரியும்? திமிங்கலம் வாலைத் தூக்கி முங்கின இடத்துக்குப் படகைக் கொண்டுபோய்ப் பார்ப்பாங்க. தண்ணியில பழுப்பா சாணம் கலங்கியிருந்தா, சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம். எளிமையான வழி, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி.

வழக்கமா கலாபகஸ்ல அடியிலிருந்து குளிர்ந்த, சத்தான நீர் மேலே வரும். எல் நினோ வந்தா கடல் சூடாகி அந்த வரத்து குறையும், இரையும் குறையும். 1987 எல் நினோல ரெண்டு குலத்துக்குமே பட்டினிதான். ஆனா விலகிப் போற குலம் கொஞ்சம் நல்லா சாப்பிட்டுச்சு. கடல் குளிர்ந்திருந்தப்போ தீவை ஒட்டிச் சுத்துற குலம் முந்திச்சு. பிறந்த குலத்துல கத்துக்கிட்ட பழக்கம், கடலோட சூட்டைப் பொறுத்து சோறு போடுது, இல்லைன்னா பட்டினி போடுது. அதனாலதான் திமிங்கலங்களைத் தலை எண்ணி மட்டும் காப்பாத்த முடியாதுன்னு நான் நம்புறேன். ஒரு குலம் அழிஞ்சா, சூடான கடல்ல பிழைக்கிற வழியும் அதோட போயிடலாம்.

1990கள்ல கலாபகஸ்ல திமிங்கலங்கள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தென் அமெரிக்கக் கரையோரத்துல வேட்டையால காலியா இருந்த கடலுக்குப் பல குடும்பங்கள் போயிருக்கணும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. 2013ல மறுபடி மைக்கை இறக்கினப்போ திமிங்கலங்கள் இருந்துச்சு. ஆனா கேட்டது பழைய ரெண்டு குலத்தோட தட்டு இல்லை. வேற ரெண்டு குலங்கள் அங்கே வந்து குடியேறியிருந்துச்சு.