வரி நம்முடையது, தேர் யாருடையது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை அகமதாபாத் நகரம் நடத்தப் போகிறது. 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடி முடிவு செய்துவிட்டார்கள். 2036 ஒலிம்பிக்கும் எங்களுக்கே வேண்டும் என்று இந்தியா கேட்டு நிற்கிறது. ஒரு நகரம் இப்படிப்பட்ட போட்டிகளை நடத்தலாமா, கூடாதா? இதைப் பற்றிப் பேசப் போறேன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "இது நம்ம பிரச்சினையா? வன்கொடுமை, பஞ்சமி நிலம்னு ஆயிரம் கெடக்கே." நம்ம பிரச்சினைதான். ஏன்னு சொல்றேன்.

எங்க ஊர் மாரியம்மன் தேருக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி உண்டு. சேரியில மட்டும் வாங்க மாட்டாங்க. சின்ன வயசுல அதை ஏதோ சலுகைன்னு நெனச்சேன். எங்கப்பாதான் சொன்னார்: "வரி வாங்கினா பங்கு குடுக்கணும்டா. தேர் நம்ம தெருவுக்கு வரணும், வடத்துல கை வைக்க விடணும். அதான் வாங்க மாட்டேங்கறான்." காசு கொடுத்தவனுக்கு உரிமை வந்துவிடும் என்கிற கணக்கு ஊர்க்காரனுக்குத் தெரியும். டெல்லி அரசு ஊர்க்காரனையும் மிஞ்சியது. நம் பங்குப் பணத்தை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. தேரை நம் வீடுகளின் மேலேயே ஓட்டியது.

2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். மக்கள் தொகையில் நம் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் திட்ட நிதியை நமக்கென்று ஒதுக்க வேண்டும் என்று 1979 முதல் வந்த ஏற்பாடு. இது தர்மப் பணம் இல்லை. பள்ளிக்கூடம், விடுதி, கல்வி உதவித்தொகை, வீடு என்று செலவாக வேண்டிய நம்முடைய பணம். இதிலிருந்து ஏறத்தாழ 744 கோடி ரூபாயை டெல்லி அரசு விளையாட்டுப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கிய காகிதங்களைக் கொண்டு வீட்டுவசதி நில உரிமை அமைப்பினர் இதை வெளியே கொண்டுவந்தார்கள். 2010 ஆகஸ்டில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், இப்படித் திருப்பிவிட்டது தவறு என்று மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. விடுதியில புழு நெளியற சோறு போட்டா 'நிதி இல்லை'ங்கறான். ஓட்டப் பந்தயத்துக்குத் தார்ச்சாலை போட நிதி இருக்கு. அதுவும் நம்ம நிதி.

பணம் போனதோடு முடியவில்லை. டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் பல வருஷமாகக் குடியிருந்த தமிழ் தலித் குடும்பங்கள் முந்நூறுக்கும் மேல் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போய் டெல்லிக்காரன் வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கழுவி, கட்டிடம் கட்டி வாழ்ந்தவர்கள். 2010 ஏப்ரலில் அந்தக் குடிசைகளை இடித்தார்கள். எதற்காக? நேரு விளையாட்டரங்குக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த. இடிக்காமல் விட்ட குடிசைகளை வெளிநாட்டுக்காரன் பார்த்துவிடாதபடி மூங்கில் தட்டியும் விளம்பரப் பலகையும் வைத்து மறைத்தார்கள். ஊர்வலம் வரும்போது சேரிப்பக்கம் படுதா கட்டுகிற அதே புத்திதான்.

அதே ஓடைக்கரையில் இருந்த மதராசி கேம்ப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். இம்முறை விளையாட்டு இல்லை, ஓடையைச் சீராக்குவது என்றார்கள். காரணம் மாறிக்கொண்டே இருக்கும். இடிபடுகிறவன் மட்டும் மாறுவதில்லை.

மைதானத்தைக் கட்டுகிறவர்கள் யார்? 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அன்று குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் பிடித்துக்கொண்டான். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்திருக்கிற கட்டாய உழைப்பு என்று அந்த வழக்கில் நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். சங்கிலி போட்டு இழுத்து வந்தால்தான் கொத்தடிமை என்றில்லை, பசி இழுத்து வந்தாலும் அப்படித்தான் என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தத் தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து, அதே டெல்லியில், இந்தப் போட்டிக்கான வேலையிடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். டெல்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழுவே இதைப் பதிவு செய்திருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எந்த மைதானக் கல்வெட்டிலும் இல்லை.

"நாட்டுக்குப் பெருமை" என்பார்கள். ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவைக் கேட்டுப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட தலித் பெண். அரையிறுதியில் இந்திய அணி தோற்ற அன்று, ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் பட்டாசு கொளுத்தினார்கள். அணியில் தலித்துகள் இருப்பதால்தான் தோல்வி என்று திட்டினார்கள். செயித்தால் தேசம், தோத்தா சாதி. இந்தப் பெருமையில் நமக்கு என்ன பங்கு?

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. கபடியும் கால்பந்தும் நம்ம பிள்ளைகள் ரத்தத்தில் இருக்கிறது. ஆனா அவங்களுக்கு வேண்டியது தெருவுக்குப் பக்கத்துல ஒரு மைதானம், காலுக்கு ஒரு ஷூ, வயித்துக்கு முட்டை. பதினைந்து நாள் திருவிழா இதைத் தராது. சாலை வந்தது, மெட்ரோ வந்தது என்கிறார்கள். சாலை வேண்டுமென்றால் சாலை போடு. அதற்கு எதற்கு வாணவேடிக்கை? டெல்லிப் போட்டிக்கான செலவு 18,500 கோடிக்கு மேல் என்று 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னார். இதில் ஒரு ரூபாய்க்காவது டெல்லி மக்களைக் கேட்டார்களா?

கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. 1976 குளிர்கால ஒலிம்பிக் தங்கள் ஊருக்குத் தரப்பட்ட பிறகும், 1972இல் வாக்களித்து அதற்குப் பணம் தர மறுத்தார்கள் அமெரிக்காவின் டென்வர் பகுதி மக்கள். 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மக்கள் 2024 ஒலிம்பிக் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அந்த நகரங்கள் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

ஆகவே, நடத்தலாமா என்று என்னைக் கேட்டால், கூடாது என்பேன். குடிசைவாசியும் துப்புரவுத் தொழிலாளியும் வாக்களித்துச் சம்மதிக்காத வரை எந்த நகரமும் நடத்தக் கூடாது.

ஆனால் அகமதாபாத்தில் முடிவாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அங்கே வந்தபோது, அவர் கண்ணில் படாமலிருக்க சரணியாவாஸ் குடிசைகளுக்கு முன்னால் சுவர் எழுப்பிய நகரம் அது. 2030க்கு என்ன செய்வார்கள் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. நாம் இப்போதே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, துணைத்திட்டப் பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு ஆண்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல், தமிழ்நாடு 2024இல் இந்த நிதிக்குத் தனிச் சட்டம் இயற்றியிருக்கின்றன. மத்திய அரசுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு, இடிப்பதற்கு முன்பே குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து, ரேஷன் அட்டை முதல் மின்சார ரசீது வரை பத்திரப்படுத்த அங்குள்ள தோழர்களுக்கு உதவ வேண்டும். புல்டோசர் வந்தபிறகு காகிதம் தேட முடியாது. மூன்று, கட்டுமான இடங்களில் கூலிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1982 தீர்ப்பு இன்றும் செல்லும்.

744 கோடி வெளியே தெரிந்தது நல்லவர்கள் யாரோ மனமிரங்கிச் சொன்னதால் அல்ல. யாரோ சில பேர் உட்கார்ந்து மனு எழுதினார்கள். பத்து ரூபாய் கட்டணம்தான். இந்தக் கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் குறைந்தது பத்துப் பேராவது ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தாளும் பேனாவும் நான் கொண்டுவந்திருக்கேன்.