பிறவி மச்சமா, வளரும் கட்டியா?

குழந்தையின் தோலில் உள்ள குறியைப் பார்த்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி: பிறந்த அன்றே இருந்ததா, பிறகு வந்ததா? பாதி நோயறிதல் இந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே காணும் நீலத் திட்டு, நம் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதுக்குள் மங்கிவிடும்.

ரத்தநாளக் கட்டியின் போக்கு வேறு. பிறந்தபோது தோல் சுத்தமாக இருக்கும், அல்லது வெளிறிய திட்டு மட்டும் தெரியும். சில வாரங்களில் அது சிவந்து, தடித்து, குழந்தையைவிட வேகமாக வளரும். முதல் மூன்று மாதங்களில்தான் வளர்ச்சி அதிகம். பிறகு பல ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். முகத்தில் ஒயின் நிறத்தில் படரும் பிறவித் திட்டோ தானாக மறையாது. அது நெற்றியிலும் கண்ணிமையிலும் பரவியிருந்தால் மூளையையும் கண்ணழுத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

இடமும் எண்ணிக்கையும் அடுத்த தடயங்கள். இமையில் வளரும் ரத்தநாளக் கட்டி பார்வையைக் கெடுக்கலாம்; தாடைப் பகுதியில் இருந்தால் மூச்சுக்குழலிலும் இருக்கலாம். ஐந்தோ அதற்கு மேலோ கட்டிகள் இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்வார்கள். முதுகுத்தண்டின் அடியில் முடிக்கற்றையோ குழியோ கட்டியோ தெரிந்தால் தண்டுவடக் குறை உண்டா என்று பார்ப்பார்கள். பழுப்புத் தடிப்பைத் தேய்த்ததும் அது சிவந்து வீங்கினால், மாஸ்ட் செல்களின் திரட்சி என்று விரல்நுனியிலேயே தெரிந்துவிடும். ஊதா நிறத்தில் இறுகி, திடீரென வீங்கும் கட்டி அவசரம்: அதில் ரத்தத் தட்டணுக்கள் சிக்கிக் குறையலாம். இவற்றில் தெளியாதவற்றுக்கே பயாப்சி.

2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயத்துக்குக் கொடுத்த புரோப்ரனலால் மருந்தில் ரத்தநாளக் கட்டி சுருங்குவதாக அறிவித்தார்கள். வேகமாக வளரும் மாதங்களிலேயே தொடங்கினால் பலன் கூடுதல் என்பதால், தாமதம்தான் பெரிய நஷ்டம். கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வந்ததால் வந்த குறி என்ற பேச்சு, ஆதாரமில்லாதது மட்டுமல்ல, அந்த மாதங்களையும் தின்றுவிடுகிறது. குதிரை முடியால் கட்டுவதும் சுண்ணாம்பு தடவுவதும் புண்ணாக்கும்.

திருவள்ளூர் மாவட்டம் கனகம்மாசத்திரத்துப் பெற்றோர் அங்கன்வாடிக்கு வரும் பள்ளி சிறார் நலக் குழுவிடம் குறியைக் காட்டலாம். ஆனால் வளரும் கட்டிக்கு அந்த முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது. திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். சிக்கலானவற்றுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உண்டு. போகும்போது, வாரம் ஒருமுறை பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த படங்களைக் கைபேசியில் கொண்டு செல்லுங்கள்.