பின்பக்கத்து மண்ணை விட்டுவைப்போம்

(பொங்கல் விழா மாலையில் நம் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலப்போட்டிப் பரிசுக்குக் காத்திருப்பவர்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் முன்பக்கம் முழுக்க பேவர் பிளாக் போடலாமா என்று செயற்குழு கேட்டபோது, சரி என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மழையில் சேறு, வீட்டுக்குள் செருப்புத் தடம், அதுதான் அன்றைக்கு என் கவலை. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் எடுத்தவள் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

போன மே மாதம் பேரனை ஊருக்கு அழைத்துப் போனேன். ஆறு வயது. கொல்லையில் செருப்பைக் கழற்றி இறக்கிவிட்டேன். இரண்டடி வைத்தான், நின்றுவிட்டான். "பாட்டி, தூக்கு. தரை குத்துது" என்றான். முள் இல்லை, கல் இல்லை, வெறும் மண். டைல்ஸையும் பேவர் பிளாக்கையும் தவிர அந்தக் காலுக்கு வேறு எதுவும் பழக்கமில்லை.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் கண்ணாடியும் வந்தது. கண் டாக்டர், "வெளியே விளையாடுவானா?" என்று கேட்டார். "தினமும் சைக்கிள் ஓட்டுவான்" என்றேன் பெருமையாக. "எங்கே?" "கீழே, கார் பார்க்கிங்கில்." அவர் சிரித்துவிட்டார். அது வெளியே இல்லையாம்!

ஏன் என்று பிறகு படித்துப் பார்த்தேன். விளக்குப் போட்ட அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைத்து, கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. தைவானில் ஒரு நாளைக்கு 120 நிமிடம் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்று அரசே சொல்கிறது. நம் ஊர் உச்சிவெயிலில் யாரும் நிற்கச் சொல்லவில்லை. காலையும் மாலையும் போதும்.

கண் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அக்டோபரில் பி பிளாக் பையன் ஒருவன் என் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்து, "பாட்டி, காக்கா எச்சம் நகருது!" என்று கத்தினான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். மறுநாள் பதினோரு பிள்ளைகள் என் வீட்டில். யாரும் போன் கேட்கவில்லை. இரண்டு புழுக்கள் கூடு கட்டின. ஒன்பதாம் நாள் காலை ஒன்று வெளியே வந்து இறகு காய வைத்தது. கீழே ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கிறது, ஒரு பிள்ளையும் நகரவில்லை. செக்யூரிட்டி அண்ணன் மேலே வந்துதான் ஓட்டிக்கொண்டு போனார். இன்னொன்று கடைசிவரை திறக்கவில்லை. அதையும் பார்த்தார்கள். "ஏன் பாட்டி?" என்று கேட்ட பெண்ணிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினாள்.

முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டும் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை. குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பள்ளிக்கரணைக்குப் போய்ப் பறவை பார்க்கிறோம், நல்லதுதான். ஆனால் பிள்ளைக்கு வேண்டியது லிஃப்டில் இறங்கினால் தினமும் கிடைக்கிற மண்.

அது நம்மிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சி பிளாக் பின்னால், புங்கமரமும் முருங்கையும் நிற்கிற இடம். அதையும் மூடி விசிட்டர் பார்க்கிங் ஆக்கும் யோசனை அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. வண்டி நிறுத்த இடமில்லாத சிரமம் எனக்குத் தெரியும், என் மகனே தெருவில்தான் நிறுத்துகிறான். இருந்தாலும் இந்த முறை நான் கை தூக்க மாட்டேன். நீங்களும் யோசியுங்கள்.

பாம்பு வரும் என்பீர்கள். அங்கே கிடக்கிற உடைந்த டைல்ஸையும் பழைய கதவுகளையும் அகற்றினாலே பாதி பயம் போய்விடும். டெங்கு கொசு மண்ணில் முட்டையிடுவதில்லை, நம் பால்கனித் தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுத் தண்ணீரில்தான் இடுகிறது. கம்பளிப்பூச்சிக்குப் பயந்து முருங்கையை வெட்டச் சொல்பவர்கள், சாம்பாருக்குக் காய் கேட்டு என்னிடம் வராமல் இருந்தால் சரி.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த இடத்தைச் சுத்தம் செய்யப் போகிறோம். மண்வெட்டி இரண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். பிள்ளைகளைப் பழைய துணி போட்டு அனுப்புங்கள். அழுக்காகத்தான் திரும்பி வருவார்கள், திட்டாதீர்கள்.