மேடையேறிப் பாடிய மீனாட்சியம்மாள்

(மாதர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருடா வருடம் மாதர் தினம் வந்தால் வெளிநாட்டுப் பெண்களின் பெயர்களைச் சொல்லிப் பேசுகிறோம். அவர்களும் பெரியவர்கள்தான். ஆனால் நம்முடைய தோட்டங்களுக்கே வந்து நமக்காகக் குரல் கொடுத்த மீனாட்சியம்மாளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோ. நடேசய்யரின் மனைவி என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறோம்.

நடேசய்யரை எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர், பத்திரிகை நடத்தியவர், 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் அமைத்தவர், பிறகு அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். அந்தக் காலத்தில் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் லயத்துப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குத்தான். அதனால் புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு அவர் தோட்டங்களுக்குள் நுழைந்த கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

உள்ளே நுழைந்தாலும் சங்கதியை எப்படிக் கொண்டுசேர்ப்பது? துண்டுப் பிரசுரம் கொடுத்தால் கங்காணி பறித்துக்கொள்ளலாம். பறிக்காவிட்டாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்துக்கு எத்தனை பேர்? மீனாட்சியம்மாள் பாட்டைக் கையில் எடுத்தார். ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுக்களில் தொழிலாளரின் கஷ்டத்தையும் ஒற்றுமையையும் வைத்துக் கட்டினார். கூட்டங்களில் தானே பாடினார், பாரதி பாடல்களையும் பாடினார். ஒருதரம் காதில் விழுந்த பாட்டு மறுநாள் கொழுந்து மலைக்குப் போய்விடும். அதை எந்தக் கங்காணி பறிக்க முடியும்?

இது இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். பெண் பாடுவதென்றால் தாலாட்டு, ஒப்பாரி, கோயில் பஜனை. பிராமணக் குடும்பத்துப் பெண்ணொருவர் கூலிக்காரர் என்று ஒதுக்கப்பட்ட சனங்களின் நடுவில் மேடையேறி, துரைமாரையும் மந்திரிமாரையும் எதிர்த்துப் பாடுவதை அவருடைய சாதியும் எதிர்பார்க்கவில்லை, துரைமாரும் எதிர்பார்க்கவில்லை. நம்முடைய ஆண்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1939இல் இந்திய வம்சாவளித் தினக்கூலிக்காரர்களை அரசாங்க வேலைகளிலிருந்து நிறுத்தினார்கள். 'உங்கள் ஊருக்குப் போங்கள்' என்ற பேச்சு நாடெங்கும் கேட்டது. அந்த நேரத்தில் மீனாட்சியம்மாள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. இலங்கையில் இந்தியர்களின் நிலைமையைப் பாட்டாகவே எழுதி 1940இல் நூலாக வெளியிட்டார். இன்று கையில் எடுத்தாலும் அது வெறும் பாட்டுப் புத்தகமல்ல, அந்தக் காலத்தின் சாட்சி.

அவர் பாடித் திரிந்த காலத்துக் கூலிக் கணக்கையும் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து எடுப்பது பெண், சம்பளம் குறைவதும் பெண்ணுக்கு! ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் நம் பெண்களுக்குக் கிடைத்தது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. அந்த வேலைநிறுத்தத்தில் மலையை விட்டு இறங்கியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் அம்மாமாரிடம் கேளுங்கள்.

இப்போது நம்முடைய வீட்டுக் கணக்கு. சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். தோட்டக் கமிட்டியைப் பார்த்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஆண்கள். பெண்ணுக்கு மாதர் அணித் தலைவி பதவி, கூட்டம் நடந்தால் தேநீர் ஊற்றும் வேலை. கேட்டால் 'பொம்பளைங்க கூட்டத்துக்கு வர்றதில்லையே' என்கிறார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்?

அதனால் இம்முறை கிளைத் தெரிவுக் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்கும்படி கேட்டோம், கமிட்டியும் ஒத்துக்கொண்டது. தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரை முன்மொழிய வேண்டும், வழிமொழிய இன்னொருவர் வேண்டும். யாரென்று இந்தக் கிழமைக்குள் லயத்துக்கு லயம் பேசி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்றைக்குத் தேநீர் ஆண்கள் ஊற்றட்டும்.