ஓநாயைக் கும்பிட்ட ஊர்

ஓநாய் என்றதும் ஆட்டுக்குட்டியோடு வம்பு வளர்த்த கதைதான் நமக்கு நினைவுக்கு வரும். ஜப்பானில் ஒரு காலத்தில் அதைக் கும்பிட்டார்கள். டோக்கியோவுக்கு மேற்கே சிச்சிபு மலைப்பகுதியில் மிட்சுமினே என்று ஒரு கோயில். அங்கே காவலுக்கு நிற்பவை ஓநாய்ச் சிலைகள். விவசாயிகள் அங்கே போய் ஓநாய்ப் படம் அச்சிட்ட தாளை வாங்கி வந்து வீட்டில் வைப்பார்கள். பக்தியோடு கொஞ்சம் கணக்கும் உண்டு: வயலை நாசமாக்கும் காட்டுப்பன்றியையும் மானையும் அடித்துத் தின்பது ஓநாய்தானே!

அப்புறம் ஏன் பயம் வந்தது? 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் வெறிநோய் பரவியது. நல்ல ஓநாய் மனித வாடை பட்டாலே ஒதுங்கிப் போய்விடும். வெறி பிடித்ததோ எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கும். நோய் கண்டவர் பிழைப்பதில்லை; அன்று தடுப்பூசியும் கிடையாது. சாமி எமனாகிவிட்டது.

பிறகு வடக்கே ஹொக்கைடோ தீவில் குதிரைப் பண்ணைகள் வந்தன. குதிரைகளைக் காக்க, ஓநாய்களுக்கு இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் விஷம் கலந்து வைத்தார்கள். தெற்கே நாரா பகுதியில் 1905ல் கிடைத்த ஓர் ஓநாயின் உடலை, விலங்கு சேகரிக்க வந்த அமெரிக்கர் ஒருவர் பேரம் பேசி எட்டரை யென்னுக்கு வாங்கினார். அதோடு சரி. அதற்குப் பிறகு ஜப்பான் ஓநாய்க்கு உறுதியான தடயம் இல்லை.

இப்போது ஜப்பானில் மான்கள் பெருகி, மரப்பட்டையைக்கூட விட்டுவைப்பதில்லை. வெளிநாட்டு ஓநாயைக் கொண்டுவந்து விடலாம் என்கிறார்கள் சிலர். ஊர்க்காரர்கள் பலருக்குத்தான் மனம் வரவில்லை.